முப்பத்திரண்டு அங்குலம்

மனிதன் மாறமாட்டான் என்பது என் கட்சி. ஓட்டுக் கேட்கிற கட்சி இல்லை, பஸ் ஓட்டுகிறவனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? இத்தனை வருஷம் ஒரே தடத்தில் ஓட்டி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே நான் கண்டுபிடித்த உண்மை இது. உள்ளே இடம் இருக்கிறது, உள்ளே போங்கள் என்று கண்டக்டர் தொண்டை கிழியக் கத்துவான். படியில் நிற்கிறவர் படியில்தான் நிற்பார். ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் ஓர் அம்மாள் உண்டு. அந்த முகம் அன்றைக்கும் அதே உயரத்தில்தான் இருந்தது, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அப்புறம் நீலப் பைக்காரர். நான் நிறுத்தத்தை விட்டு வண்டியை எடுக்கிற சமயம் பார்த்துத்தான் தெருமுனையில் தோன்றுவார். ஒரு கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். முதன்முதலில் பார்த்தபோது அவருக்குத் தலை நிறைய முடி இருந்தது. முடி போய்விட்டது, ஓட்டம் மட்டும் போகவில்லை.

என் கட்சிக்கு என் வீட்டு பீரோவிலேயே ஒரு சாட்சி தொங்கிக்கொண்டிருந்தது. என் கல்யாணத்துக்குத் தைத்த பழுப்பு நிறப் பேன்ட். இடுப்பு முப்பத்திரண்டு அங்குலம். யார் வீட்டு விசேஷம் என்றாலும் அதைத்தான் போட்டுக்கொண்டு போவேன். என் வயதுக்காரர்கள் எல்லாம் வருஷத்துக்கு ஓர் அளவு ஊதிக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் மாப்பிள்ளைப் பேன்ட்டில் மாப்பிள்ளை மாதிரியே நிற்பேன். "அதே அளவு. ஒரு நூல் கூடலை, குறையலை" என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்வேன். என் மனைவி பக்கத்தில் நின்று புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருப்பாள். அவள் ஒன்றும் சொன்னதில்லை.

அவள் தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் மெஷின், எதிர்ச்சுவரில் துணி வெட்டுகிற மேசை, கதவுக்குப் பின்னால் கொக்கி கொக்கியாகத் தைத்து முடித்த உடுப்புகள். ஒரு சோபாவும் உண்டு, ஆனால் அதில் எப்போதும் துணி மூட்டை இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் மூட்டைக்குப் பக்கத்தில் அரை ஆளாகத்தான் உட்கார வேண்டும். கம்பெனியில் சீருடைக்குத் துணியாகத்தான் கொடுப்பார்கள். அதை வாங்கி வந்து அவளிடம் போட்டுவிடுவேன். எனக்கு மட்டும் அவள் அளவெடுப்பதே இல்லை. என் பழைய பேன்ட் ஒன்றைப் புதுத் துணியின்மேல் விரித்து, சாக்கட்டியால் இரண்டு இழுப்பு இழுத்து, வெட்டிவிடுவாள். கணவனின் உடம்பு அவளுக்கு அவ்வளவு அத்துப்படி என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் கம்பெனியின் வருடாந்தர மருத்துவச் சோதனை வந்தது.

கம்பெனி டாக்டர் என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார். எடை மெஷினில் ஏற்றினார், ரத்தச் சோதனை முடிவைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"போன தடவையைவிட எடை கூடியிருக்கு. சுகரும் நல்லா ஏறியிருக்கு."

"உங்க மெஷினை ஒரு தடவை செக் பண்ணச் சொல்லுங்க டாக்டர். என் கல்யாணப் பேன்ட் எனக்கு இன்னும் கச்சிதமா இருக்கு. அன்னைக்கும் முப்பத்திரண்டு, இன்னைக்கும் முப்பத்திரண்டு."

அவர் பார்வை என் வயிற்றுப் பக்கம் போய்விட்டு வந்தது. அந்த வயிறு கொஞ்ச காலமாக ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டிருந்தது உண்மைதான். சீட்டை யாரோ முன்னால் தள்ளி மாட்டியிருக்கிறார்கள் என்று மெக்கானிக்கிடம் இரண்டு தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

"பேன்ட் என்ன வேணா சொல்லட்டும், ரத்தம் வேற சொல்லுது" என்றார் டாக்டர். "மூணு மாசம் டைம் தர்றேன். மாத்திரையை விடாம போடுங்க, தினமும் நடங்க, சாப்பாட்டைக் குறைங்க. அப்பவும் இதே மாதிரி இருந்தா உங்களை வண்டி எடுக்க விட முடியாது. ஓட்டும்போது தலை சுத்துச்சுன்னா பின்னால எத்தனை பேர் உக்காந்திருக்காங்க, யோசிச்சுப் பாருங்க."

"இது எங்க குடும்பத்து உடம்பு டாக்டர். எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு. ரத்தத்துல வந்தது நடந்தா போயிடுமா?"

"நடந்து பாத்தீங்களா?"

அப்பாவும் இதே வசனத்தைத்தான் டாக்டர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவருக்கு ஒரு காலை எடுத்தார்கள். அதைச் சொன்னால் டாக்டருக்கு இன்னும் வசதியாகப் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

வண்டி எடுக்க விடாவிட்டால் என்ன செய்வார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கேட்டில் உட்கார வைப்பார்கள். டெப்போ வாசலில் தகரக் கூரை போட்ட ஒரு பெட்டி. போகிற வண்டி, வருகிற வண்டி, நம்பரைக் குறித்துக்கொண்டு கம்பியைத் தூக்கி இறக்க வேண்டும். நேற்று வரை நம்மோடு ஓட்டியவன் வண்டிக்குள்ளிருந்து பாவமாக ஒரு கையை ஆட்டிவிட்டுப் போவான். அந்தக் கையாட்டலை நானே பல பேருக்கு ஆட்டியிருக்கிறேன். எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது, வேறு எந்த வேலையும் பிடிக்கவும் பிடிக்காது. விடியற்காலையில் காலி வண்டியை டெப்போவிலிருந்து வெளியே எடுத்து, முதல் திருப்பத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது வருகிற சந்தோஷம் எனக்குக் கோயிலில்கூட வந்ததில்லை.

வீட்டில் சொன்னேன். மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "சரி விடுங்க, பாத்துக்கலாம்" என்றாள். எது நடந்தாலும் அவள் முதலில் சொல்வது அதுதான். மகள்தான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அப்பா நடக்கப் போறாரா? நிஜமாவா? யாராவது தள்ளிவிடுவாங்களா?"

அவள் வாய்க்காகவாவது நடந்து காட்ட வேண்டும் என்று தோன்றியது. வேலை முடிந்து வந்து, சாயங்காலம் இரண்டு தெரு தள்ளி இருக்கிற விளையாட்டு மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே நடக்கிறவர்களில் பல ரகம். போனில் யாரையோ திட்டிக்கொண்டே நடக்கிறவர்கள், கைகளை ரொட்டி மாவு பிசைகிற மாதிரி ஆட்டுகிறவர்கள், ஒரு சுற்று நடந்துவிட்டு அரை மணி நேரம் பெஞ்சில் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள். நான் யாரோடும் சேரவில்லை. சர்க்கரை போடாத டீயைக் குடித்தேன். பாத்திரம் கழுவிய தண்ணீர் அதைவிடத் தேவலை. தட்டில் பாதியைக் குறைத்தேன். ராத்திரி படுத்தால் பசியில் கோபம் வரும், கோபத்தில் தூக்கம் வராது.

தினமும் காலையில் சீருடையை மாட்டியதும் இடுப்புக்கும் பேன்ட்டுக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பேன். கொஞ்சமாவது தளர்ந்திருக்கிறதா? கிடையாது. முந்தின வாரம் எப்படியோ, இந்த வாரமும் அப்படியே. விரல் இறுக்கமாகவே போகும், இறுக்கமாகவே வரும். என் வண்டிக் கண்டக்டர் ஒருவன், ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் வாங்கியவன், ஒருநாள் சொன்னான்: "அண்ணே, முகம் கொஞ்சம் வத்தின மாதிரி இருக்கே."

"பசி" என்றேன். "இடுப்புல ஒரு மாற்றமும் இல்லை. முகம் வத்தி என்ன பிரயோஜனம்? முகத்தாலயா வண்டி ஓட்டுறேன்?"

ஒன்றரை மாதம் இப்படிப் போனது. அப்புறம் ஒருநாள் மழை, மறுநாள் காலில் வலி, அதற்கடுத்த நாள் ஒன்றுமில்லை, சும்மா போகவில்லை. போகாததற்கு என்னிடம் நல்ல காரணமும் தயாராக இருந்தது. இது மாறாத உடம்பு. கல்யாணத்திலிருந்து கூடாத உடம்பு இப்போது எப்படிக் குறையும்? சுகர் என்பது அப்பா கொடுத்தது, அதைத் திருப்பிக் கொடுக்க அவரும் இல்லை. டீயில் சர்க்கரை போடச் சொன்னேன். மனைவி ஒரு கணம் கரண்டியோடு நின்றாள். பிறகு போட்டுக் கலக்கினாள்.

"சரி விடுங்க, உங்களால முடிஞ்சதைப் பண்ணிட்டீங்க" என்றாள்.

எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

அதற்கப்புறம் கம்பெனியில் ஒரு புது உத்தரவு வந்தது. இனிமேல் சீருடைக்குத் துணி கிடையாது, தைத்த சீருடையாகவே கொடுப்பார்களாம். ஸ்டோர் ரூம் வாசலில் வரிசையாக நின்றோம். ஸ்டோர்காரர் ஒவ்வொருவரிடமும் அளவு கேட்டு, உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார்.

"இடுப்பு?"

"முப்பத்திரண்டு."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? கல்யாணத்துலேருந்து அதே அளவு."

வரிசையில் யாரோ செருமினார்கள். நான் பேன்ட்டை வாங்கிக்கொண்டு உடை மாற்றுகிற அறைக்குப் போனேன். வலது காலை விட்டேன், இடது காலை விட்டேன், இழுத்தேன். தொடையில் நின்றுவிட்டது. தையலில் ஏதோ கோளாறு என்று கழற்றி உதறிவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் தொடை. மூச்சைப் பிடித்துக் குதித்துப் பார்த்தேன். பெஞ்சில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த ஐந்தாறு பேரும் கப்சிப். ரேடியோதான் முதலில் சிரித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினான். அவன் நிறுத்தியதுதான் எனக்கு அதிக அவமானமாக இருந்தது.

ஸ்டோர்காரர் நல்ல மனிதர். ஒன்றும் பேசாமல் முப்பத்திநாலைக் கொண்டு வந்தார், முப்பத்தாறைக் கொண்டு வந்தார். கடைசியில் எனக்குப் பட்டன் போட முடிந்தது முப்பத்தெட்டில்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். பீரோவைத் திறந்து கல்யாணப் பேன்ட்டை எடுத்தேன். அதை உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. எந்த ஆணுக்குத் தோன்றும்? மேசையில் போட்டுத் திருப்பினேன். பின்பக்கத் தையலை ஒட்டி, பழைய தையல் பிரித்த ஊசி ஓட்டைகள் ஒரு வரிசை. அதற்கு உள்ளே இன்னொரு வரிசை. அதற்கும் உள்ளே இன்னொன்று. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் துணியின் நிறம் வேறு வேறாக இருந்தது. முதலில் பிரித்த பகுதி வெளுத்திருந்தது, பிறகு பிரித்தது அவ்வளவாக வெளுக்கவில்லை. உள்ளே விட்டிருந்த துணி தீர்ந்துபோன இடத்தில் வேறு ஏதோ பழுப்புத் துணியில் முக்கோணமாக ஓர் ஒட்டு. பெல்ட் போட்டால் மறைந்துவிடும் இடம். அவ்வளவு நேர்த்தியான ஒட்டு. திட்டுவதற்குக்கூட மனம் வராத நேர்த்தி.

அவள் தைத்த பழைய சீருடைப் பேன்ட்டையும் திருப்பினேன். அதிலும் ஊசி ஓட்டைகள். ஆனால் அதில் தையலுக்கு உள்பக்கம் கொஞ்சம் துணி மடிந்து நின்றது. அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

அவள் உள்ளே வந்தாள். மேசையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"எத்தனை தடவை பிரிச்சே?" என்றேன்.

"எண்ணலைங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"முதல் தடவை நீங்கதான் வந்து சொன்னீங்க, துவைச்சதுல பேன்ட் சுருங்கிடுச்சுன்னு. நானும் சரின்னு பிரிச்சு விட்டேன். அப்புறம் நீங்களா வந்து சொல்ற வரைக்கும் எதுக்குன்னு..." நூல் பையைக் கீழே வைத்தாள். "தைக்கத் தெரிஞ்சவ வீட்ல இருக்கும்போது நீங்க ஏங்க மூச்சைப் புடிச்சுட்டுப் பட்டன் போடணும்? நீங்க எல்லார்கிட்டயும் அவ்வளவு சந்தோஷமா சொல்லிட்டு இருந்தீங்க. அதைப் போய் எப்படி..."

"டெப்போல என் மானமே போச்சு. தெரியுமா உனக்கு? தொடையிலயே நின்னுடுச்சு. அத்தனை பேர் முன்னாலயும் குதிச்சேன்!"

நான் கத்திய கத்தலில் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த மகள் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, நிலைமை புரிந்து திரும்பிப் போய்விட்டாள். மனைவி மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுதிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் கத்தியிருப்பேன். அவள் அழவில்லை. நான் சீருடைப் பேன்ட்டை அவள் மடியில் போட்டேன்.

"இது என்ன? இதுல ஏன் துணி உள்ளே மடிஞ்சிருக்கு?"

அவள் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது பிரிச்சது இல்லைங்க. புடிச்சது."

"புடிச்சதுன்னா?"

"நீங்க நடந்துட்டு இருந்தப்ப பின்னால தொளதொளன்னு ஆயிடுச்சு. துவைச்சு மடிக்கும்போது ஒரு தடவை புடிச்சுத் தைச்சேன். அப்புறம் மறுபடியும் தொங்குச்சு, இன்னொரு தடவை புடிச்சேன். என் புருஷன் தொங்குற பேன்ட்டைப் போட்டுக்கிட்டுப் போனா என் கைக்குத்தானே கெட்ட பேரு? கை தானா பண்ணிடுச்சுங்க."

எனக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று இன்றைக்கும் தெரியவில்லை. தினமும் காலையில் இரண்டு விரலை விட்டு நான் தேடிய தளர்ச்சி அங்கே இருந்திருக்கிறது. நான் தூங்கும்போது அவள் அதைத் தைத்து மூடியிருக்கிறாள். என் உடம்பு இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான், இது இறங்காத உடம்பு என்று நான் மைதானத்தை விட்டு எழுந்து வந்திருக்கிறேன்.

"ஏறினதைத்தான் சொல்லலை, சரி. இறங்கினதையாவது சொல்லியிருக்கலாமே! எனக்கு அது ஒண்ணுதானே வேணும்?"

அவள் விரலால் அந்த மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எப்படியும் நிறுத்திடுவீங்கன்னு நினைச்சேங்க" என்றாள். "குறைஞ்சிருக்குன்னு சொன்னா சந்தோஷப்படுவீங்க. அப்புறம் திரும்ப ஏறினா மனசு விட்டுப் போயிடும். அதுக்குச் சொல்லாமலே இருந்துடலாம்னு... துணியைக்கூட வெட்டலை. உள்ளேயே மடிச்சு வெச்சேன். நாளைக்குத் திரும்பப் பிரிச்சு விட வேண்டியிருக்கும்ல."

டெப்போவில் பட்ட அவமானம் எல்லாம் இதற்கு முன்னால் தூசு. மனிதன் மாறமாட்டான் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேனே, அந்தக் கட்சியில் என்னைத் தவிர இன்னொருவரும் சேர்ந்திருக்கிறார், அதுவும் என் வீட்டுக்குள்ளேயே, என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சேர்த்தவன் நானேதான். தினமும் சாப்பாட்டோடு சாப்பாடாக அதைத்தானே அவளுக்கு ஊட்டியிருக்கிறேன்? அவள் என்னை ஏமாற்றினாள் என்று கோபப்பட வந்தவன், அவள் என்னை நம்பிவிட்டாள் என்று தெரிந்து, கல்யாணப் பேன்ட்டை எடுத்து மடிக்கத் தொடங்கினேன். அன்றைக்கு இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் வண்டி எடுக்கும்போதும் அதே யோசனை. நீலப் பைக்காரரின் நிறுத்தத்தில் ஆட்கள் ஏறி முடித்தார்கள். ரேடியோ விசில் கொடுத்தான். நான் கியரைப் போடாமல் கண்ணாடியில் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து ஏறிய பிறகுதான் வண்டியை நகர்த்தினேன். இதை நான் எத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன்? அவர் ஏன் சீக்கிரம் வர வேண்டும்? நான்தான் நிற்கிறேனே. இவர் மாறாததற்கு இவர் பிறவியைக் குறை சொல்லிக்கொண்டு, பிரேக்கில் காலை வைத்திருந்தது நான்.

அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இன்னொன்றும் நினைத்துக்கொண்டேன். முப்பத்திரண்டு எனக்கே தெரியாமல் முப்பத்தெட்டு ஆகியிருக்கிறது என்றால், மாறாத உடம்பு என்று ஒன்று என்னிடம் இருந்ததே இல்லை. அது பாட்டுக்கு மாறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நடந்தபோது இறங்கியும் பார்த்திருக்கிறது. ஏறுவதும் இறங்குவதும் அதற்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. இத்தனை வருஷமாக நான் காட்டிக்கொண்டிருந்த சாட்சி பொய்ச் சாட்சி என்றால், அப்பாவின் ரத்தம், குடும்பத்து உடம்பு என்று நான் பேசியதெல்லாம் என்ன?

சாயங்காலம் மறுபடியும் மைதானத்துக்குப் போனேன். போகும்போது அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்.

"கம்பெனி கொடுத்த பேன்ட்டை நீ தொடக் கூடாது. தொளதொளன்னு தொங்கினாலும் சரி, அவிழ்ந்து விழுந்தாலும் சரி."

"தொட மாட்டேன்" என்றாள். துவைத்து மடிக்கும்போது அவள் கை துறுதுறுத்ததை நான் பார்த்தேன். தொடவில்லை.

பெரிய வீரக்கதை ஒன்றும் நடக்கவில்லை. சில நாள் போனேன், சில நாள் போகாமல் சண்டை போட்டேன், என்னோடுதான். ஆனால் போகாத மறுநாள் "பாத்தியா, நான் இப்படித்தான்" என்று சொல்லிக்கொள்வதை நிறுத்தினேன். நேற்றுப் போகவில்லை, அவ்வளவுதான் என்று ஷூவை மாட்டினேன். பேன்ட் கொஞ்சம் தளர்ந்தது. பெல்ட்டை ஒரு துளை தள்ளிப் போட்டேன். ரேடியோவிடம் அதைச் சொன்னது தப்பு, டெப்போ முழுக்க ஒலிபரப்பிவிட்டான்.

மூன்று மாதம் முடிந்து டாக்டரிடம் போனேன். ரத்தச் சோதனை முடிவை அவர் நிதானமாகப் படித்தார்.

"இறங்கியிருக்கு" என்றார். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. "ஆனா போதாது. நடுவுல நிறுத்திட்டீங்களா?"

"ஆமா டாக்டர்."

"ஏன்?"

அந்தக் கதையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "இறங்காதுன்னு நினைச்சேன்" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "இன்னும் மூணு மாசம் கேட்ல இருங்க. இதே மாதிரி போனா அடுத்த தடவை நானே கையெழுத்துப் போட்டு உங்களை வண்டியில ஏத்துறேன். ஆனா இப்ப முடியாது. என்னைத் தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. ஆனால் நெஞ்சு தாங்கவில்லை. டெப்போவுக்குப் போய் வண்டிச் சாவியைக் கொடுத்தேன். திரும்பும்போது வாசலில் அந்தத் தகரப் பெட்டியைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். நாளையிலிருந்து அதற்குள்ளேதான் உட்கார வேண்டும்.

வீட்டில் அவள் மெஷினில் இருந்தாள். சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"என்ன சொன்னாங்க?"

"இறங்கியிருக்காம். போதாதாம். மூணு மாசம் கேட்ல உக்காரணுமாம்."

சோபாவில் துணி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூட்டைமேலேயே தலையைச் சாய்த்துவிட்டேன். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் எழுந்து வருவாள். நெற்றியில் கை வைப்பாள். சரி விடுங்க, பாத்துக்கலாம் என்பாள். நல்ல சூடாக, சர்க்கரை போட்டே ஒரு டீ கொண்டு வந்து வைப்பாள். அன்றைக்கு எனக்கு அது வேண்டியிருந்தது. அதை நினைத்தே கண்ணை மூடினேன்.

அவள் வரவில்லை.

"இன்னும் இருட்டலை" என்றாள்.

"அதுக்கு?"

"நடக்கப் போகலையா?"

கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"இன்னைக்கா? ஸ்டியரிங்கைப் புடுங்கி அனுப்பியிருக்காங்க. நாளைக்குப் போறேன்."

"இன்னைக்குத்தான் போகணும். எழுந்திருங்க."

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"இல்லை. எழுந்திருங்க."

குரல் கடைசியில் உடைந்தது. அதை மறைக்கவோ என்னவோ, சட்டென்று குனிந்து மெஷினை ஓட்டத் தொடங்கினாள். ஊசிக்கு அடியில் துணியே இல்லை. வெறும் ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஷூவை மாட்டினேன். கதவை அறைந்து சாத்திவிட்டுத் தெருவில் இறங்கினேன். கல் நெஞ்சுக்காரி, பிழைப்பைப் பறிகொடுத்துவிட்டு வந்தவனுக்கு ஒரு வாய் டீ கொடுக்கத் தோன்றவில்லையே என்று முனகிக்கொண்டே முதல் தெருவைத் தாண்டினேன்.

இரண்டாவது தெருவில்தான் உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கத்தினால் பொறுத்துக்கொண்டாள், உட்கார்ந்தால் தலையணை வைத்தாள், ஊதினால் பிரித்து விட்டாள். இவன் இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டால் அவனிடம் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள், பாவம் என்று பார்த்துக்கொள்வார்கள். எழுந்திருப்பான் என்று நம்பினால்தான் எழுந்திரு என்று சொல்லத் தோன்றும்.

கண் கலங்கிவிட்டது. எதிரே வந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று துடைத்துக்கொண்டு, மைதானத்தை நோக்கி வேகமாக நடந்தேன்.